அதே 16 பெட்டி, அதே தேன்: கணக்கு ஏன் மாறுகிறது?

கேள்வி: ஐயா, மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்க்கிறேன். அருமனை தொடங்கிப் பேச்சிப்பாறை வரை 8 ரப்பர் தோட்டங்களில் தோட்டத்துக்கு இரண்டு பெட்டி வைத்தேன். போன மழைக்காலத்தில் ஒரு பெட்டிக்கு வழக்கம்போல் சர்க்கரைப் பாகு, மற்றதற்குப் பாகோடு சோயா மாவுக் கலவை. ரப்பர் சீசன் முடிந்து எடுத்த தேன், மாவு கொடுத்த பெட்டிகளில் சராசரி 9.5 கிலோ, பாகு மட்டும் கொடுத்தவற்றில் 8 கிலோ. நாகர்கோவிலில் பி.எஸ்சி. படிக்கும் மகள் எக்செல்லில் டி சோதனை (இரண்டு சராசரிகளை ஒப்பிடும் கணக்கு) போட்டுப் பார்த்துவிட்டு, "பி மதிப்பு 0.15, அது 0.05-க்கு மேல. மாவால பலன் இல்லப்பா" என்கிறாள். எனக்கு மனசு ஒப்பவில்லை. வரும் மழைக்கு மாவு வாங்கவா, விடவா? தோட்டவாரியாக எடை எழுதியிருக்கிறேன்.

பதில்: மகளின் கணக்கில் பிழை இல்லை. நானும் போட்டுப் பார்த்தேன், 0.15 தான் வருகிறது. அந்த எண்ணைப் படித்த விதத்தில் ஒரு சறுக்கல் இருக்கிறது. அதைவிடப் பெரியது, உங்கள் பெட்டிகள் நின்ற விதத்துக்கு அந்தச் சோதனை பொருந்தாது என்பது.

முதலில் 0.15. 'மாவு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் தேன் ஒன்றுதான்' என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்கிறோம். பாடப்புத்தகத்தில் இதற்கு இன்மைக் கருதுகோள் என்று பெயர். அது உண்மை என்றால், தற்செயலாகவே 1.5 கிலோவோ அதற்கு மேலோ, எந்தப் பக்கமாவது வித்தியாசம் வர எவ்வளவு வாய்ப்பு? அதுதான் பி மதிப்பு. உங்கள் மகளின் கணக்குப்படி நூற்றுக்குப் பதினைந்து. இதை வைத்து 'பலன் உண்டு' என்று அடித்துச் சொல்ல முடியாது. 'பலன் இல்லை' என்றும் சொல்ல முடியாது. பெட்டியைத் திறந்ததும் ராணி கண்ணில் படவில்லை என்றால் ராணியே இல்லை என்று முடிவு கட்டிவிடுவீர்களா? அடையைத் தூக்கி, முட்டை இருக்கிறதா என்று பார்ப்பீர்கள் அல்லவா?

அப்படி ஒரு படி உள்ளே போய்ப் பார்க்க உதவுவது நம்பிக்கை இடைவெளி. அதே கணக்கில் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி -0.6 முதல் 3.6 கிலோ வரை வருகிறது. அதாவது மாவால் பெட்டிக்கு அரைக் கிலோ குறைந்திருக்கலாம், மூன்றரைக் கிலோ கூடியும் இருக்கலாம். இரண்டுக்குமே இந்தத் தகவல் இடம் கொடுக்கிறது. 'பலன் இல்லை' என்ற ஒற்றை வரியில் இவ்வளவும் மறைந்துபோகிறது.

இப்போது பெரிய விஷயம். நீங்கள் அனுப்பிய எடைகளைத் தோட்டவாரியாகவே எழுதுகிறேன். முதலில் மாவு, அடுத்தது பாகு: 11.5, 9. அடுத்த தோட்டம் 7, 6. அப்புறம் அதே வரிசையில் 10, 8.5; 12, 10.5; 8.5, 5.5; 9, 8; 6.5, 6.5; 11.5, 10.

நான்காவது தோட்டத்தில் பாகுப் பெட்டியே 10.5 கிலோ தந்திருக்கிறது. இரண்டாவதில் மாவு கொடுத்த பெட்டிகூட 7 கிலோதான். மரத்தின் வயது, ரகம், துளிர் விட்ட நாள், மழை என்று தோட்டத்துக்குத் தோட்டம் எல்லாம் மாறும். ரப்பர்த் தேன் பூவைவிட இலைக்காம்பிலிருந்துதான் அதிகம் வருகிறது என்பதால், இலை முற்றும் நேரத்தில் ஒரு மழை பெய்தாலே கதை மாறிவிடும். மகள் போட்டது, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு கூட்டங்களை ஒப்பிடும் சோதனை. இந்தத் தோட்ட வித்தியாசம் முழுவதையும் அது 'தற்செயல்' கணக்கில் போட்டுவிட்டது. அந்த இரைச்சலில் மாவின் குரல் கேட்கவில்லை.

நீங்களோ தோட்டத்துக்கு ஒரு ஜோடி வைத்திருக்கிறீர்கள். அப்படியானால் ஜோடிக்குள் கழித்துப் பார்ப்பதுதான் முறை: 2.5, 1, 1.5, 1.5, 3, 1, 0, 1.5. சராசரி அதே 1.5 கிலோ. எட்டில் ஏழு தோட்டங்களில் மாவு முந்தியிருக்கிறது, ஒன்றில் சமம். மாவால் ஒன்றுமில்லை என்றால், எந்தப் பெட்டி முந்தும் என்பது காசு சுண்டுவது மாதிரிதான். காசை ஏழு தடவை சுண்டி ஏழும் ஒரே பக்கமாக விழ 64-ல் ஒரு வாய்ப்பு. எத்தனை கிலோ என்றே பார்க்காமல் இவ்வளவு தெரிகிறது. கிலோவையும் சேர்த்து ஜோடி டி சோதனை போட்டால் திட்டப் பிழை (சராசரி வித்தியாசம் தற்செயலால் எவ்வளவு ஆடும் என்ற அளவு) 0.99-லிருந்து 0.33-ஆக இறங்குகிறது. பி மதிப்பு 0.003-க்கும் கீழே. இடைவெளி 0.7 முதல் 2.3 கிலோ.

எக்செல்லில் டி.டெஸ்ட் சூத்திரத்தின் கடைசி எண் 2 என்று இருக்கும். அதை 1 ஆக்கினால் ஜோடிக் கணக்கு. ஆனால் மகளிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்: விடை நன்றாக வருகிறது என்பதற்காக 1 போடக்கூடாது. பெட்டிகளை ஜோடியாக வைத்ததால்தான் 1. எல்லாச் சோதனையையும் போட்டுப் பார்த்து, பிடித்த விடையை எடுத்துக்கொண்டால் பி மதிப்புக்கு அர்த்தமே போய்விடும்.

டி சோதனையின் பிறப்பே இந்த மாதிரிச் சிறு கணக்கில்தான். டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த கோசெட், 1908-ல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் அதை வெளியிட்டார். அந்தக் கட்டுரையிலேயே 10 நோயாளிகளுக்குத் தூக்க மருந்துகள் கொடுத்த கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு நோயாளிக்கும் இரு மருந்துக்கும் உள்ள வித்தியாசத்தை அவர் பார்த்தார். உங்கள் தோட்டம் அவருடைய நோயாளி.

'95 சதவீதம்' என்பதையும் பலர் தவறாகப் பிடித்துக்கொள்கிறார்கள். மணக்குடிக் காயலில் வீச்சு வலை போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். மீன் ஒரே இடத்தில் நிற்கிறது, வலைதான் ஒவ்வொரு வீச்சுக்கும் வேறு வேறு இடத்தில் விழுகிறது. நூறு தடவை வீசினால் சுமார் 95 தடவை மீனை வளைக்கும் அளவுக்கு வலையின் அகலத்தை வைத்திருக்கிறோம். இந்த ஒரு வீச்சில் மீன் சிக்கியதா என்பது நமக்குத் தெரியாது. நம்பிக்கை, வீசும் முறையின் மேல்தான்.

சரி, மாவு வாங்கவா? இடைவெளியின் கீழ்முனையை எடுங்கள், முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு பெட்டிக்கு மாவுக்காக ஆன கூடுதல் செலவு, வியாபாரி உங்களுக்குத் தரும் விலையில் அந்தத் தேனின் மதிப்பைவிடக் குறைவென்றால் தாராளமாக வாங்குங்கள். ரப்பர்த் தோட்டத்தில் மதுரம் (தேனீ உறிஞ்சும் இனிப்பு நீர்) கிடைக்கும் அளவுக்கு, தேனீக்குப் புரதம் தரும் மகரந்தம் கிடைப்பதில்லை; சோயா மாவு அந்தப் புரதத்தைத் தரும். அதனால் மாவு உதவுவதற்கு நியாயமான காரணமும் இருக்கிறது.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். எந்தப் பெட்டிக்கு மாவு என்று எப்படி முடிவு செய்தீர்கள்? பலமான கூட்டமாகப் பார்த்து மாவு வைத்திருந்தால், கூடின தேன் கூட்டத்தின் பலத்தால் வந்ததாக இருக்கலாம். எந்தச் சோதனையும் இதைச் சரிசெய்யாது. பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், ஒன்றின் பாகை மற்றொன்றின் தேனீ திருடியிருக்கவும் கூடும். அப்புறம், இது ஒரே ஒரு வருடத்துக் கணக்கு. 1990-களின் தொடக்கத்தில் தேனீப் புழுக்களைக் கொல்லும் தாய் சாக்புரூட் (Thai sacbrood) வைரஸ் நோய் நம் மாவட்டத்துக் கூட்டங்களைக் காலி செய்தது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அப்படிப்பட்ட வருடம் 0.7 முதல் 2.3-க்குள் அடங்காது.

அதனால் இந்த மழைக்கு எல்லாப் பெட்டிக்கும் மாவு வைத்துவிட வேண்டாம். நான்கைந்து தோட்டங்களிலாவது ஜோடியை வைத்திருங்கள். தீனி தொடங்கும் முன் ஒவ்வொரு பெட்டியிலும் எத்தனை அடைச் சட்டத்தில் தேனீ நிற்கிறது என்று நோட்டில் குறித்துவிட்டு, எதற்கு மாவு என்பதைத் தோட்டத்திலேயே காசு சுண்டி முடிவு செய்யுங்கள். மகளையும் கூட்டிப்போங்கள். இரண்டும் 6.5 கிலோ தந்த அந்த ஏழாவது தோட்டத்தை மட்டும் அவள் தனியாகப் பார்க்கட்டும். அங்கே மாவைத் தேனீ தின்றதா, பெட்டிக்கு அடியில் எறும்பு கொண்டுபோனதா என்பதை நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும்.