ஐம்பது பேருக்குள் ஆவணி முகூர்த்தம்: கேள்வி பதில்

இது 2020 ஆவணித் தொடக்கத்துக் கேள்வி பதில்; இதில் வரும் கொரோனா ஊரடங்கு விதிகள் அப்போதையவை. திருமணத்தில் ஐம்பது பேருக்கு மேல் கூடக் கூடாது என்ற விதி அப்போது நீடித்தது. கோபிசெட்டிபாளையம் வட்டாரத்தில் நெடுங்காலமாகத் திருமண ஏற்பாடுகளைக் கவனித்துவரும் ஒருவர், மற்றவர்களின் ஐயங்களுக்கு அளித்த பதில்கள் இவை.

கேள்வி (பெருந்துறை): ஐயா, இரு வீட்டாருக்கும் சேர்த்து நானூறு பேருக்குக் குறையாமல் உறவு இருக்கிறது. யாரை விட்டாலும் பகை வரும். ஐம்பது பேரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: பட்டியலை உறவிலிருந்து தொடங்காமல் சீரிலிருந்து, அதாவது திருமணச் சடங்கிலிருந்து, தொடங்குங்கள். மணமக்கள், பெற்றோர், அருமைக்காரர் (கொங்குத் திருமணச் சீர்களை நடத்திவைப்பவர்), இணைச்சீர்க்காரி (இணைச்சீருக்கு அமரும் மணமகனின் சகோதரி), இரு பக்கத்துத் தாய்மாமன்மார், மங்கல வாழ்த்துப் பாடுபவர், நாதஸ்வரமும் தவிலும் வாசிப்பவர்கள் என்று, யார் இல்லாவிட்டால் சீர் நின்றுபோகுமோ அவர்களை முதலில் எழுதுங்கள். சமையற்காரர், பரிமாறுபவர், புகைப்படக்காரர் ஆகியோரையும் அந்த ஐம்பதிலேயே சேர்த்துவிடுங்கள். அதிகாரி வந்து தலையை எண்ணும்போது யார் விருந்தாளி, யார் வேலையாள் என்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது. இவர்களை எழுதி முடிக்கும்போதே ஏறத்தாழப் பாதி நிரம்பிவிடும். மீதியை இரு வீட்டாரும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

அதன்பின் ஒரே முறையில் உள்ளவர்களில் ஒருவரை அழைத்து இன்னொருவரை விடாதீர்கள். ஒரு பெரியப்பாவை அழைத்தால் எல்லாப் பெரியப்பாக்களையும் அழையுங்கள். முடியாதென்றால் எவரையும் அழைக்க வேண்டாம். அழைக்க இயலாதவர்களுக்கு வாட்ஸ்அப்பில் பத்திரிகை போய்ச் சேரும் முன்பே மணமக்களின் தாய் தந்தையர் தங்கள் வாயால் தொலைபேசியில் செய்தியைச் சொல்லி, நிலைமை சீரானதும் மணமக்களை அழைத்துக்கொண்டு நேரில் வருவதாகத் தெரிவிக்க வேண்டும். நான் பார்த்தவரையில், பங்காளி வீட்டார் சொல்லித் திருமணத்தைத் தெரிந்துகொண்டவர்களின் மனத்தாங்கல்தான் ஆண்டுக்கணக்கில் ஆறாமல் இருக்கிறது.

கேள்வி (காங்கேயம்): எங்கள் அருமைக்காரருக்கு வயது எழுபதுக்கு மேல். மணமகனின் தங்கையோ துபாயிலிருந்து வர வழியில்லை. சீர்களை என்ன செய்வது?

பதில்: அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் அறிவுரை. பெரியவர் தாமாக 'வருகிறேன்' என்பார். அவரை வற்புறுத்தி நிறுத்தும் பொறுப்பு உங்களுடையது. அருமைக்காரராகத் தகுதி தரும் அருமைச் சீரைச் செய்துகொண்ட இளையவர் ஒருவரை அவரிடமே கேட்டு அமர்த்துங்கள். முறை பிசகாமல் இருக்க, பெரியவர் வீட்டிலிருந்தபடியே வீடியோ அழைப்பில் ஒவ்வொரு சீராகச் சொல்லிக்கொண்டு வரட்டும். அவருடைய மரியாதையும் குறையாது. இணைச்சீருக்குச் சித்தப்பா, பெரியப்பா மகள்களில் தங்கை முறையாகும் ஒருத்தி அமர்வது முன்பே உள்ள வழக்கந்தான். துபாயில் உள்ள தங்கைக்கு உரிய இணைச்சீர்ப் புடவையை எடுத்து வைத்துவிடுங்கள், அம்மணி. பிற்பாடு அதைப் பற்றி நிச்சயம் பேச்சு வரும்.

கேள்வி (பல்லடம்): குளிரூட்டிய மண்டபமா, தோட்டத்துச் சாளையா (தோட்ட வீடா)?

பதில்: ஐயமின்றிச் சாளைதான். மூடிய அறையைவிடக் காற்றோடும் வெளியிடத்தில் தொற்றுக்கு வாய்ப்புக் குறைவு. ஆனால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஆவணியிலும் ஓய்வதில்லை; பந்தலுக்கு மேற்குப் பக்கம் மட்டும் கீற்று வைத்துக் கட்டி, மற்ற மூன்று பக்கங்களையும் திறந்து விடுங்கள். நாள் குறிக்கும்போது ஞாயிற்றுக்கிழமையைத் தவிருங்கள். இந்த ஆகஸ்ட் மாத ஞாயிறுகளில் முழு ஊரடங்கு. வெளி மாவட்டத்திலிருந்து வருவோர், ஆகஸ்ட் 17 முதல் ஆதார் அல்லது குடும்ப அட்டை விவரத்துடன் விண்ணப்பித்தால் இ-பாஸ் (மாவட்டம் தாண்டிப் பயணிக்க அனுமதி) உடனே கிடைக்கிறது.

கேள்வி (பெயர் வெளியிட வேண்டாம்): அண்ணா, நாங்கள் இருவரும் வேறு வேறு சாதி. வீட்டில் ஒப்பவில்லை. ஊரடங்கில் கோயில்களும் மூடியிருக்கின்றன. சட்டப்படி எப்படித் திருமணம் செய்துகொள்வது?

பதில்: தம்பி, ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 வயது நிறைந்திருந்தால் பெற்றோரின் ஒப்புதல் சட்டப்படி தேவையில்லை. இருவரும் இந்துக்கள் என்றால், இந்துத் திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 7ஏ பிரிவின்படி, உறவினர் அல்லது நண்பர்கள் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லி மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலும், தாலி கட்டினாலும் அது முழுமையான திருமணம். புரோகிதரும் கோயிலும் கட்டாயம் இல்லை. பூட்டிய கோயில் வாசலில் தாலி கட்டிக்கொள்பவர்களுக்குக் கோயில் ரசீது கிடைக்காது என்பதால், படங்களும் சாட்சிகளும் இன்றியமையாதவை. நடந்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள். தவறினால் கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாட்கள் உண்டு.

மதமும் வேறு என்றால் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் பொருந்தும். அதற்கு 30 நாள் அறிவிப்பு வேண்டும், மூன்று சாட்சிகள் வேண்டும். அறிவிப்பு அலுவலகப் பலகையில் ஒட்டப்படும் என்பதை மனத்தில் வைத்து, அந்த ஒரு மாதம் எங்கே தங்குவது என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். வயதுச் சான்று, ஆதார், கல்விச் சான்றிதழ்கள் வீட்டுப் பீரோவிலேயே மாட்டிக்கொண்டால் எல்லாம் நின்றுவிடும்.

நம் பகுதியில் இத்தகைய திருமணங்கள் எப்படி முடியக்கூடும் என்பதை நாம் அறியாதவர்கள் அல்லர். மிரட்டல் இருந்தால் தாமதிக்காமல் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் பாதுகாப்புக் கேளுங்கள். இத்தகைய இணையருக்கென மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு அமைக்க உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் உத்தரவிட்டுள்ளது. 'பேசி முடித்துவிடலாம், ஊருக்கு வாருங்கள்' என்று அழைப்பு வந்தால் தனியே போகாதீர்கள்.

கேள்வி (அவிநாசி): மொய்யைக் கூகுள் பே வழியாக வாங்கலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் அன்று மாலையே பெயர், ஊர், தொகை என மொய் நோட்டில் ஏற்றிவிடுங்கள். திருப்பிச் செய்யும்போது கைபேசியைத் துழாவ முடியாது.

கேள்வி (நம்பியூர்): வர முடியாதவர்களுக்கு விருந்தை அனுப்பலாமா?

பதில்: ஒப்புட்டும் (போளி) முறுக்கும் தாம்பூலப் பையோடு அனுப்புங்கள். சாதமும் குழம்பும் வேண்டாம். போய்ச் சேருமுன் கெட்டுவிடும்.

கேள்வி (திருச்செங்கோடு): வைகாசியில் நின்றுபோன திருமணத்துக்குக் கொடுத்த முன்பணத்தை மண்டபத்தார் தர மறுக்கிறார்கள்.

பதில்: பணத்தைக் கேட்டால் பேச்சு வளரும்; வேறு நாளைக் கேட்டால் பெரும்பாலோர் இறங்கி வருகிறார்கள். புரட்டாசியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாததால் ஐப்பசி, கார்த்திகை, தை மாதங்களுக்குப் போட்டி கடுமையாக இருக்கும். இந்த வாரமே பேசுங்கள். வாய்ச்சொல்லோடு விடாமல், முன்பண ரசீதிலேயே புதிய தேதியை எழுதி உரிமையாளரின் கையொப்பத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.