தைராய்டு மாத்திரை சாப்பிடும் அம்மாவுக்கு தினமும் கொம்பு கடல்பாசி சூப் தரலாமா?

ஜப்பானிலிருந்து தம்பி கொண்டுவந்த காய்ந்த கொம்புவை (ஒரு பழுப்புக் கடல்பாசி), தைராய்டு மாத்திரை சாப்பிடும் அம்மாவுக்கு தினமும் சூப் வைத்துத் தரலாமா என்று கேட்டிருந்தீர்கள். தினமும் வேண்டாம்.

காரணம் அயோடின். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும். காய்ந்த கொம்பு ஒரே ஒரு கிராமில் அதைப்போல் பத்து மடங்குகூட இருக்கலாம். கொதிக்கவைத்தால் பெரும்பகுதி தண்ணீரில் இறங்கிவிடும் என்பது உண்மைதான். ஆனால் சூப்பில் அந்தத் தண்ணீரைத்தானே குடிக்கிறோம்! அயோடின் அளவுக்கு மீறினாலும் தைராய்டு தடுமாறும், மாத்திரைக் கணக்கு குழம்பும்.

பாக்கெட்டில் போட்டிருக்கும் ஃபியூகோய்டன் என்ற நார்ப்பொருள், ஃபியூகோசாந்தின் என்ற நிறமி எல்லாம் பழுப்புப் பாசியில் நிஜமாகவே இருப்பவைதான். ஆனால் அவற்றின் பெருமையாகச் சொல்லப்படுவதில் பெரும்பகுதி ஆய்வகச் செல்களிலும் எலிகளிலும் பார்த்தது. அதை நம்பி அம்மாவின் தைராய்டோடு விளையாட வேண்டாம் என்பேன்.

ஆசைக்கு என்றால் வக்காமே என்ற இன்னொரு பாசி பரவாயில்லை, அயோடின் கொம்புவைவிட மிகக் குறைவு. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு எப்போதாவது கொஞ்சம், அதுவும் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு. அம்மா ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுத்தால் அதையும் சொல்லுங்கள். ஹிஜிகி வகைப் பாசி மட்டும் யாருக்குமே வேண்டாம். ஆர்செனிக் என்ற நஞ்சு அதில் அதிகம் என்று பிரிட்டன் 2004-லேயே எச்சரித்தது.

அப்புறம், நம்மூர்க் கடையில் கடல்பாசி என்று விற்கும் அகர் அகர் சிவப்புப் பாசியிலிருந்து எடுப்பது. கொம்புவுக்குச் சொன்னதை அதற்குப் பொருத்திப் பயப்பட வேண்டாம்.