வாசகர் கேள்வி – பதில்: இழை ஓடும் வாக்கும் காகிதத்தின் போக்கும்

கேள்வி: செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழித்தால் கோடு போட்டதுபோல் நேராகக் கிழிகிறது. அதையே குறுக்காகக் கிழித்தால் கோணல்மாணலாகப் போகிறது. இது கையின் குற்றமா, காகிதத்தின் குற்றமா?

பதில்: கையின் மேல் பழி இல்லை. தாவர நார்களை நீரில் கலந்து கூழாக்கி, ஓடிக்கொண்டிருக்கும் வலைப்பட்டையின் மீது பரப்பி, நீரை வடித்து உலர்த்தியதே காகிதம். பட்டை ஓடும் திசையிலேயே பெரும்பாலான இழைகள் படுத்துக்கொள்வதால், இயந்திரத்தில் உருவாகும் எந்தத் தாளுக்கும் ஒரு வாக்கு உண்டு. அந்த வாக்கில் கிழிக்கும்போது கிழிசல் இழைகளுக்கு இடையே வழுக்கிச் செல்கிறது. குறுக்கே கிழிக்கும்போதோ இழைகளை அறுத்தாக வேண்டியிருப்பதால், எளிதான வழியைத் தேடி வளைந்து வளைந்து போகிறது.

இதன் பயன் கிழிப்பதோடு முடிவதில்லை. கெட்டியான தாளில் வாழ்த்து அட்டை செய்பவர்கள் இழையின் வாக்கில் மடித்தால் மடிப்பு கூர்மையாக விழும். எதிர் வாக்கில் மடித்தால் மடிப்பின் முதுகு வெடித்து நார் தெரியும். புத்தகத்திலும் முதுகுக்கு இணையாக இழை ஓடினால்தான் பக்கங்கள் திருப்பிய இடத்தில் படிந்து கிடக்கும். விரித்துவைத்தால் நிற்காமல் மூடிக்கொள்ளும் புத்தகங்களில் பல இந்த விதியைக் கைவிட்டு அச்சிடப்பட்டவை என்பது என் கணிப்பு.

வாக்கைக் கண்டுபிடிக்க, தாளில் ஒரு சிறு சதுரம் வெட்டி அதன் ஒரு பக்கத்தை மட்டும் ஈர விரலால் தடவுங்கள். நனைந்த நார் நீளத்தில் அதிகம் வளராமல் பருமனில் உப்புவதால், தாள் குழல்போல் சுருளும். அந்தக் குழல் நீண்டிருக்கும் திசையே இழையின் வாக்கு. ஓர் அட்டையின் ஒரு பக்கத்தில் மட்டும் பசை தடவித் தாள் ஒட்டினால் அட்டை வளைந்துகொள்வதற்கும் இந்த உப்பலும், உலரும்போது ஏற்படும் சுருக்கமுமே காரணம். மறுபக்கத்திலும் அதே வாக்கில் ஒரு தாளை ஒட்டிவிட்டால் இருபுறத்து இழுவையும் சமமாகி அட்டை நிமிர்ந்துவிடும்.

கேள்வி: எவ்வளவு பெரிய தாளானாலும் ஏழு முறைக்கு மேல் பாதிபாதியாக மடிக்க முடியாது என்கிறார்களே, உண்மையா?

பதில்: இல்லை. 2002-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பள்ளி மாணவியாக இருந்த பிரிட்னி காலிவன், சுமார் 1.2 கிலோமீட்டர் நீளமுள்ள மெல்லிய கழிவறைக் காகிதத்தை 12 முறை மடித்துக் காட்டினார். மடிப்பின் எண்ணிக்கைக்கு எவ்வளவு நீளம் தேவை என்பதற்கான சூத்திரத்தையும் அவரே வகுத்தார். சாதாரணத் தாளில் நாம் தோற்றுப்போவதற்குக் காரணம் இரட்டிப்புக் கணக்கு. 0.1 மில்லிமீட்டர் தடிமனுள்ள தாள் ஏழாவது மடிப்பில் 128 அடுக்காகி ஒரு சென்டிமீட்டரைத் தாண்டிவிடுகிறது. அந்தத் தடிமனைச் சுற்றி வளைவதற்கே தாளின் நீளம் செலவாகிவிட்டால், மடிப்பதற்கு மிச்சம் ஏது?

கேள்வி: கையில் அளவுகோலும் இல்லை, தராசும் இல்லை. ஏ4 தாளை வைத்து எதையாவது அளக்க முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். அதன் அகலம் 210 மில்லிமீட்டர், நீளம் 297 மில்லிமீட்டர். ஆகவே நீண்ட ஓரத்தை 30 சென்டிமீட்டர் அளவுகோலாகவே வைத்துக்கொள்ளலாம். 16 ஏ4 தாள்கள் சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். கட்டின் மேல் 80 கிராம் என்று அச்சிட்டிருந்தால் அது ஒரு சதுர மீட்டருக்கான எடை; எனவே ஒரு தாள் 5 கிராம். ஒரு குச்சியின் நடுவில் நூல் கட்டித் தொங்கவிட்டு, ஒரு முனையில் பொருளையும் மறுமுனையில் தாள்களையும் மாட்டினால் தபால் உறையின் எடையை ஓரளவு சரியாகவே அறிந்துவிடலாம்.

விளையாட்டும் இதில் இருக்கிறது. குட்டையான ஓரத்தை நீண்ட ஓரத்தின் மேல் படியுமாறு மூலைவாட்டில் மடித்து, அந்த மடிப்பை இன்னொரு ஏ4 தாளின் நீண்ட ஓரத்தோடு ஒட்டிப் பாருங்கள். இரண்டும் அச்சாகப் பொருந்தும். அகலத்துக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதம் ஒன்றுக்கு இரண்டின் வர்க்கமூலமாக அமைந்திருப்பதே காரணம். பாதியாக வெட்டினாலும் தாளின் வடிவம் மாறாதிருப்பதும் அதே விகிதத்தால்தான். ஜெர்மானிய அறிஞர் லிக்டன்பெர்க் 1786-இல் ஒரு கடிதத்தில் குறிப்பிட்ட இந்த விகிதத்தை, ஜெர்மனி 1922-இல் தன் தாள் அளவுகளுக்குத் தரமாக்கியது. 1975-இல் அது பன்னாட்டுத் தரமாயிற்று.

கேள்வி: பழைய செய்தித்தாளை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம்? எதற்குக் கூடாது?

பதில்: நனைந்த காலணிக்குள் கசக்கித் திணித்து, ஈரமானதும் மாற்றிக்கொண்டே வந்தால் காலணி உருக்குலையாமல் உலரும். பஞ்சுபோல் நூல் உதிராது என்பதால் கண்ணாடி துடைக்கலாம். வெள்ளைச் சட்டங்களில் மட்டும் மை ஒட்டிக்கொள்ளும். அச்சு மை உண்ணத் தக்கதல்ல என்பதால் உணவை அதில் சுற்றவே கூடாது.

கேள்வி: பத்திரப்படுத்திய ரசீதுகள் சில மாதங்களில் வெள்ளைத்தாளாகிவிடுகின்றனவே?

பதில்: அவற்றில் மையே இல்லை. வெப்பம் பட்டால் கறுக்கும் பூச்சின் மீது, சூடான முனை எழுத்தைச் சுட்டுச் செல்கிறது. நகத்தால் வேகமாகக் கீறிப் பாருங்கள், கறுப்புக் கோடு விழுந்தால் அந்த வகை. வெயிலும் பிளாஸ்டிக் உறையும் எழுத்தை அழித்துவிடும். வெப்பத்தால் ஒட்டும் லேமினேஷன் செய்தால் முழுவதும் கறுத்துப்போகும். முக்கியமான ரசீதை அன்றைக்கே நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் செய்யும் காகித விமானம் மூக்குக் குப்புற விழுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: இறக்கையின் பின்னோரத்தை மிகச் சிறிதளவு மேல்நோக்கி வளையுங்கள். அளவுக்கு மீறினால் மேலேறித் தயங்கி விழும். அப்போது மூக்கில் ஒரு கிளிப் செருகினால் சரியாகும். ஜப்பானின் டகுவோ டோடா 2010-இல் 29.2 விநாடிகள் பறக்கவிட்டுச் சாதனை படைத்தார் என்பதை நினைத்தால், நம்முடைய மூன்று விநாடிக்கு வருத்தப்படத் தேவையில்லை.

கேள்வி: தாளின் ஓரத்தை வெட்டி எறியும் துண்டுகளால் பிள்ளைகளுக்கு விளையாட்டு ஏதேனும் உண்டா?

பதில்: 1939-இல் பிரின்ஸ்டனில் படித்துக்கொண்டிருந்த ஆர்தர் ஸ்டோன் என்ற பிரிட்டன் மாணவர், தன் ஊர்க் கோப்பில் அடங்காத அமெரிக்கத் தாள்களின் ஓரத்தை நறுக்கினார், அந்த நறுக்குகளை மடித்து விளையாடியபோது, விரிக்க விரிக்கப் புதிய முகம் காட்டும் அறுகோணப் பொம்மை பிறந்தது. அதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். எளிதானது மோபியஸ் பட்டை. நீண்ட துண்டின் ஒரு முனையை அரைச் சுற்று திருப்பி மறுமுனையோடு ஒட்டி, நடுக்கோட்டிலேயே சுற்றிலும் வெட்டுங்கள். இரண்டாகப் பிரியாமல் ஒரே நீண்ட வளையமாகும். ஓரத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி வெட்டினால், ஒன்றுக்குள் ஒன்று கோத்த ஒரு பெரிய வளையமும் ஒரு சிறிய வளையமும் கிடைக்கும். துண்டு இரு விரல் அகலமாவது இருக்கட்டும். ஒட்டிய இடத்தில் முழு அகலத்துக்கும் இருபுறமும் டேப் போடாவிட்டால் வெட்டும்போது பிரிந்துவிடும்.