கருக்கலைப்பு என் மனசாட்சி, என் சுதந்திரம் என்றால், கிறிஸ்தவம் ஏன் குறுக்கே நிற்கிறது?

மனசாட்சி என்பது நம் விருப்பம் அல்ல, இது சரி, இது தப்பு என்று உள்ளே தீர்ப்புச் சொல்லும் அறிவு. சிங்கப்பூர்த் தேக்கா சந்தையில் மீன் நிறுக்கும் தராசு, மீனை வைக்கும் முன்பே 50 கிராம் காட்டினால் அதை நம்புவீர்களா? அதனால்தான் மனசாட்சிப்படி நட என்று சொல்லும் திருச்சபையே, முதலில் அதைச் சரிப்படுத்திக்கொள் என்றும் சொல்கிறது. கருவில் இருப்பது கடவுள் உருவாக்கும் இன்னொரு உயிர் (பைபிளில் திருப்பாடல் 139), ஆகவே என் சுதந்திரத்துக்கு அங்கே ஓர் எல்லை வருகிறது. கத்தோலிக்கத் திருச்சபை நேரடிக் கருக்கலைப்பை, அதாவது கருவை அழிப்பதையே நோக்கமாகவோ வழியாகவோ கொண்டு செய்வதை, எந்த நிலையிலும் ஏற்பதில்லை. சில புரொட்டஸ்டன்ட் சபைகள் தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் ஏற்கும்.

சிங்கப்பூர்ச் சட்டம் 24 வாரம் வரை அனுமதிக்கிறது, ஆலோசனைக்குப் பிறகு 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். மனசாட்சி ஒப்பாத மருத்துவரோ தாதியோ, தாயின் உயிரைக் காக்கவோ அவருக்குக் கடுமையான நிரந்தரப் பாதிப்பு வராமல் தடுக்கவோ வேண்டிய அவசரம் தவிர, விலகிக்கொள்ளலாம். அந்த இரண்டு நாளும் பயந்துபோய்த் தனியாக இருக்கும் பெண்ணுக்குப் பிரசங்கம் வேண்டாம், கூட உட்கார ஓர் ஆள் வேண்டும். பணமும் குடும்பமும் நெருக்கும்போது ‘சுதந்திரமாக முடிவெடு’ என்பது வெறும் பேச்சு.

அப்புறம், கருக்கலைப்பு செய்தவருக்கு மன்னிப்பே கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள், அது தப்பு: பாவசங்கீர்த்தனத்தில், அதாவது குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறும் சடங்கில், எந்தக் குருவும் அந்த மன்னிப்பை வழங்கலாம் என்று 2016இல் போப் பிரான்சிஸ் அறிவித்துவிட்டார்.