பெயரை வெட்டியது யார்? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

மிச்சிகனில் வசிக்கிறேன். என் கணவர் போலந்து வம்சாவளி அமெரிக்கர். மாமியாருக்கு 86 வயது, டெட்ராய்ட்டை ஒட்டிய ஹாம்ட்ராமிக்கில் பிறந்து வளர்ந்தவர். டிசம்பர் வந்துவிட்டால் சின்ன வயசுக் கிறிஸ்துமஸ் கதைகளை ஆரம்பித்துவிடுவார். மேஜை விரிப்புக்கு அடியில் வைக்கோல், வானத்தில் முதல் நட்சத்திரம் தெரியும்வரை பட்டினி, நள்ளிரவில் மாடும் குதிரையும் பேசும் என்று நம்பியது எல்லாம் வரும். என் பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்பார்கள்.

இந்த வருடம் பள்ளியில் குடும்ப மரம் வரையச் சொன்னதால் நாங்களும் தேட ஆரம்பித்தோம். மாமியாரின் அப்பா 1912ல் வந்த கப்பலின் பயணிகள் பட்டியல் கிடைத்தது. படம் இணைத்திருக்கிறேன். அதில் நாடு என்ற இடத்தில் ஆஸ்திரியா என்று இருக்கிறது. அப்படியென்றால் அவர் ஆஸ்திரியக்காரரா? இதைக் கேட்டதற்கு மாமியார் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. பட்டியலில் குடும்பப் பெயர் பதினொரு எழுத்து, வீட்டில் புழங்கியது நான்கு எழுத்துதான். கப்பலில் வருபவர்களை விசாரித்து உள்ளே விடும் நியூயார்க் துறைமுகத்து எல்லிஸ் தீவில், அதிகாரி வாயில் நுழையவில்லை என்று வெட்டிவிட்டாராம். மரபணுச் சோதனை செய்தால் சொந்த ஊர் தெரியுமா? நெட்டில் பார்த்தால் போலந்துக் கிறிஸ்துமஸ் என்றாலே கெண்டை மீன், மாமியாரோ அதைத் தொட்டதே இல்லை என்கிறார். எது அசல்? திருநெல்வேலிப் பாட்டியும் போலந்துப் பாட்டியும் உள்ள பிள்ளைகளுக்கு எந்த வேரைச் சொல்லி வளர்ப்பது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், முதலெழுத்தோடு விட்டுவிட்டேன். புலம்பெயர்ந்தவர்கள் பெயரை மாற்றிக்கொள்வதைப் பற்றிச் சில மாதங்களாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு உடனே பதில்.

முதலில் மாமியாரைச் சமாதானப்படுத்துவோம். 1772, 1793, 1795 என்று மூன்று தவணைகளில் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் போலந்தைப் பங்குபோட்டுக்கொண்டன. அதற்குப் பிறகு 1918 நவம்பர் வரை வரைபடத்தில் போலந்து என்று ஒரு சுதந்திர நாடு கிடையாது. 1912ல் கப்பலேறிய போலந்துக்காரர் மூன்றில் ஒரு பேரரசின் குடிமகனாகத்தான் ஏற முடியும். உங்களவர் ஆஸ்திரியாவின் கையில் இருந்த பகுதியிலிருந்து வந்திருக்கிறார், பெரும்பாலும் கலீசியா. கிராக்கோவ், டார்னோவ், லிவிவ் எல்லாம் அதில் அடக்கம். சரி, நீங்கள் அனுப்பிய படத்தில் நாடு என்ற கட்டத்துக்குப் பக்கத்துக் கட்டத்தைப் பார்த்தீர்களா? அமெரிக்காவுக்கான பட்டியல்களில் 1899லிருந்து நாடு தனி, இனம் தனி. அந்த இரண்டாவது கட்டத்தில் 'போலிஷ்' என்று கோணல் எழுத்தில் எழுதியிருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்திருந்தால் வீட்டில் இரண்டு நாள் மௌன விரதம் நடந்திருக்காது.

மரபணுச் சோதனைக்குக் கொடுக்கும் காசை மிச்சம் பிடியுங்கள். கிழக்கு ஐரோப்பா இத்தனை சதவீதம் என்று வரும். ஊர் வராது.

கெண்டை மீன் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில்தான் அங்கே வீட்டுக்கு வீடு மேஜையில் ஏறியது. குளத்தில் மலிவாக வளர்க்கலாம், எல்லோருக்கும் கிடைக்கும். 1912ல் கிளம்பி வந்த மனிதரின் வீட்டில் அது இல்லாமல் போனதில் என்ன ஆச்சரியம்? மாமியார் சாப்பிட்டதுதான் மாமியாருக்கு அசல்.

இப்போது பெயருக்கு வருகிறேன். இதை நீங்கள் கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை. நடந்து முடிந்த செய்தியைப் போல ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள்.

அம்மா, எல்லிஸ் தீவு அதிகாரி யாருடைய பெயரையும் வெட்டவில்லை. அவர் பெயர் எழுதும் வேலையிலேயே இல்லை. பயணிகள் பட்டியலைத் தயாரித்தவர்கள் கப்பல் கம்பெனிக்காரர்கள், அதுவும் ஹாம்பர்க், பிரேமன் மாதிரிப் புறப்படும் துறைமுகத்திலேயே. அமெரிக்க அதிகாரியின் கையில் அந்தப் பட்டியல் தயாராக இருந்தது. அதை வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார், விடை பொருந்துகிறதா என்று பார்ப்பார், அடுத்த ஆளைக் கூப்பிடுவார். 1907ல் மட்டும் பத்து லட்சம் பேர் அந்தத் தீவின் வழியாகப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து நாமகரணம் செய்ய யாருக்கு நேரம்? பாஷை புரியாமல் குழப்பம் என்ற கதையும் செல்லாது. அங்கே மொழிபெயர்ப்பாளர்கள் சம்பளத்துக்கு இருந்தார்கள். பின்னாளில் நியூயார்க் மேயரான லா கார்டியா 1907 முதல் 1910 வரை அங்கே அந்த வேலைதான் பார்த்தார்.

இதையெல்லாம் விடுங்கள். பதினொரு எழுத்துப் பெயர் முழுதாக இருக்கும் பட்டியலை எனக்கு அனுப்பியதே நீங்கள்தான். அந்தத் தீவின் அதிகாரி கையில் வைத்திருந்த காகிதம் அது. ஒரு எழுத்துகூடக் குறையவில்லை. ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டே எதிர்க்கதையை நம்புகிறீர்கள்! ஒரு புகழ்பெற்ற மாஃபியா படத்தில் அதிகாரி ஒரு பையனுக்கு ஊர்ப்பெயரையே குடும்பப் பெயராக எழுதிவிடுவார். அமெரிக்காவில் பாதிக் குடும்பங்கள் அந்தக் காட்சியைத் தங்கள் தாத்தாவுக்கு நடந்ததாகவே நினைத்துக்கொண்டிருக்கின்றன.

அப்படியென்றால் யார் வெட்டினார்? அவரேதான். தொழிற்சாலையில் சம்பளப் பட்டியல் எழுதுபவனுக்கு நீளப் பெயர் தொந்தரவு, மேஸ்திரி கூப்பிடும் பெயரே நிலைத்துவிடும். அமெரிக்கச் சட்டத்தில் அப்போது பெயரை மாற்றக் கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்றுகூட இல்லை, ஏமாற்றும் நோக்கம் இல்லாமல் புதுப் பெயரில் புழங்க ஆரம்பித்தால் போதும். முறையாகச் செய்ய நினைத்தவர்களுக்கு 1906ம் வருடச் சட்டம் குடியுரிமை மனுவிலேயே வழி வைத்தது. பயமும் ஒரு காரணம். 1901ல் அதிபர் மெக்கின்லியைச் சுட்டவன் லியோன் சோல்கோஷ், போலந்துக் குடியேறிகளின் மகன். அதற்குப் பிறகு அந்த மாதிரி ஓசையுள்ள பெயரோடு வேலை கேட்டுப் போவது எப்படி இருந்திருக்கும்? வார்சாவில் பிறந்து ஹாலிவுட்டில் கொடிகட்டிய சாமுவேல் கோல்ட்வின் தன் பெயரை இரண்டு முறை மாற்றினார். நாவலாசிரியர் ஜோசப் கான்ராட் கோர்செனியோவ்ஸ்கி என்ற குடும்பப் பெயரை விட்டுவிட்டு எழுதினார். அவர்களை யாரும் எந்தத் தீவிலும் பிடித்து வெட்டவில்லை.

சிகாகோவில் வேலை பார்த்த நாட்களில் ஒரு போலந்துக்கார அம்மாவின் வீட்டு மாடியில் குடியிருந்தேன். ஒரு டிசம்பர் 24 சாயங்காலம் கீழே சாப்பிடக் கூப்பிட்டார். விகீலியா என்று அவர்கள் சொல்லும் அந்த ராத்திரிச் சாப்பாட்டில் இறைச்சி கிடையாது. சாப்பிடும் முன் ஒப்வாடெக் என்ற வெள்ளை அப்பத்தை நீட்டினார். காகித கனம், நீள்சதுரம், மேலே குழந்தை ஏசுவும் மாட்டுத் தொழுவமும் அச்சு. அவருடையதில் நான் ஒரு துண்டு உடைக்க வேண்டும், என்னுடையதில் அவர் உடைப்பார், உடைத்துக்கொண்டே வாழ்த்த வேண்டும். கோயில் பிரசாதமாக இருக்குமோ, நான் தொடலாமோ என்று தயங்கினேன். "இது பூசையில் வைத்ததில்லை. வெறும் மாவும் தண்ணீரும். உடை" என்றார். "அடுத்த வருடம் உனக்குச் சம்பளம் கூடட்டும், எனக்கு வாடகை முதல் தேதியே வரட்டும்" என்று வாழ்த்தினார்.

அவர் குடும்பப் பெயரும் குட்டையானதுதான். நானும் உங்கள் மாதிரி எல்லிஸ் தீவு கதையை எடுத்துவிட்டேன். அந்த அம்மாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. எழுந்து போய் ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்தார். ஊரிலிருந்து உறவினர்கள் தபாலில் அனுப்பிய அப்பங்களின் உறைகள் மேலே, அடியில் அவர் அப்பாவின் குடியுரிமை மனு. மேலே நீளப் பெயர் தட்டச்சில். கீழே, இனி இந்தப் பெயரால் அறியப்பட விரும்புகிறேன் என்று குட்டைப் பெயர். "எங்கள் அப்பாவிடமிருந்து ஒரு நிக்கல் காசைப் பிடுங்க முடியாது. பெயரைப் பிடுங்கிவிட முடியுமா?" என்றார்.

அந்த அப்பா சிகாகோவின் மாட்டுச் சந்தையில் வேலை பார்த்தவர். விரிப்புக்கு அடியில் வைக்க, சந்தையிலிருந்து கோட்டுப் பையில் வைக்கோலைத் திணித்துக்கொண்டு வருவாராம். 1930களின் பஞ்ச காலத்திலும் மேஜையில் பன்னிரண்டு வகை இருந்தே ஆக வேண்டும், அப்போஸ்தலர் கணக்கு. ரொட்டி ஒன்று, உப்பு ஒன்று, ஊறுகாய் ஒன்று என்று அவர் மனைவி எண்ணிக் கணக்கை நேர் செய்வாராம். யாராவது பதினொன்றோடு நிறுத்தினால் அப்பா உட்கார மாட்டார். எதிர்பாராமல் வரும் விருந்தாளிக்கென்று ஒரு தட்டு காலியாக இருக்கும், அதையும் எடுக்க விடமாட்டார். பெயரில் ஏழெட்டு எழுத்தைத் தானே தூக்கிப் போட்ட மனிதர் இவர். சம்பளப் பட்டியல் மேஸ்திரியின் இடம், அங்கே விட்டுக்கொடுத்தார். டிசம்பர் 24 மேஜை அவருடைய இடம்.

அதனால்தான் சொல்கிறேன், அதிகாரி வெட்டினார் என்ற கதை சாதுவான கதை இல்லை. பதினேழோ பதினெட்டோ வயதில் கலீசியாவின் ஏதோ கிராமத்திலிருந்து தனியாகத் துறைமுகம்வரை வந்து, மூன்றாம் வகுப்பில் கடல் தாண்டி, பாஷை தெரியாத ஊரில் வேலை பிடித்து, குடும்பம் நடத்திய ஒரு மனிதரை வாயில்லாப் பூச்சியாக்குகிறீர்கள். அவர் செய்த முடிவை யாரோ ஒரு குமாஸ்தாவின் கணக்கில் எழுதுகிறீர்கள். தாத்தா பெயரை விட்டார் என்று சொல்ல வெட்கமாக இருப்பது பேரப்பிள்ளைகளுக்குத்தான். அவருக்கு வெட்கம் இருந்ததா என்பது வேறு விஷயம்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், இன்னொன்று. உங்கள் மின்னஞ்சலில் தெரியும் பெயருக்கும் கடிதத்தின் கீழே நீங்கள் எழுதிய முழுப் பெயருக்கும் மூன்று அசை வித்தியாசம். ஆபீசில் கூப்பிட வசதியாக இருக்கட்டும் என்று நீங்களே சுருக்கியிருப்பீர்கள். அதில் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. ஆனால் நாற்பது வருடம் கழித்து உங்கள் பேத்தி, குடிவரவு அதிகாரி பாட்டியின் பெயரை வெட்டிவிட்டார் என்று பள்ளியில் எழுதினால் சும்மா இருப்பீர்களா?

சரி, இனி செய்ய வேண்டியதைப் பார்ப்போம். அந்தப் பட்டியலுக்கு இரண்டாம் பக்கம் உண்டு. இணையத்தில் முதல் பக்கத்தோடு நிறுத்திவிடுவது எல்லோரும் செய்வதுதான். 1907க்குப் பிந்தைய பட்டியல்களில் ஊரில் விட்டுவந்த நெருங்கிய உறவினரின் பெயர், முகவரி முதல் பக்கத்திலேயே இருக்கும், பிறந்த இடம் இரண்டாம் பக்கத்தில். அடுத்தது குடியுரிமை மனு. பிறந்த ஊர், வந்த கப்பல், தேதி அதில் இருக்கும், பெயர் மாற்றமும் இருக்கலாம். ஊர்ப் பெயர் கிடைத்தவுடன் துள்ளாதீர்கள். நோவா வியெஷ் என்று போலந்தில் எக்கச்சக்கமான கிராமங்கள் உண்டு, நம் பக்கத்துப் புதூர் மாதிரி. எந்தப் பங்கு, எந்த மாவட்டம் என்று தெரிய வேண்டும். கலீசியாவின் கோயில் பதிவேடுகள் லத்தீனில், கட்டம் கட்டமாக இருக்கும், வீட்டு எண் உட்பட. ரஷ்யப் பங்காக இருந்திருந்தால் 1868க்குப் பிறகு எல்லாம் ரஷ்ய எழுத்தில் நீள நீளப் பத்திகள். அந்த விதத்தில் நீங்கள் தப்பித்தீர்கள்.

எந்த வேரைச் சொல்லி வளர்ப்பது என்ற கேள்விக்கு, பள்ளியில் கொடுத்த தாளில் இரண்டு பக்கமும் கோடு போட்டிருப்பார்கள், இரண்டையும் நிரப்பச் சொல்லுங்கள்.

அதைவிட எனக்கு ஒரு விஷயம் இடிக்கிறது. இவ்வளவு பெரிய கடிதத்தில் மாமியாரின் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கப்பல், பெயர், அதிகாரி எல்லாம் அப்பாவைப் பற்றியவை. மாமியார் சொல்லும் கிறிஸ்துமஸ் நடந்தது அம்மாவின் சமையலறையில். அவர் வேறு பங்கிலிருந்து வந்தவராகவும் இருக்கலாம், அமெரிக்காவில் அப்படிக் கல்யாணங்கள் நிறைய நடந்தன. அதற்கு மாமியாரின் ஞாபகமே துப்புக் கொடுக்கும். பரிசு கொண்டுவந்தது யார் என்று கேளுங்கள். கிராக்கோவ் பக்கம் குட்டித் தேவதை கொண்டுவரும். பிரஷ்யாவின் பங்கில் இருந்த போஸ்னான் பக்கம் க்வியாஸ்தோர் என்று ஒரு தாடிக்காரர். சிலேசியாவில் குழந்தை ஏசுவே. கோதுமை, கசகசா, தேன் கலந்து குத்யா என்று ஒன்று செய்வார்கள், அது கிழக்குப் பக்கத்துப் பண்டம். மாமியார் கோபம் தீர்ந்து பேச ஆரம்பித்ததும் இந்த இரண்டையும் கேட்டு எழுதுங்கள். கூடவே பட்டியலின் இரண்டாம் பக்கத்தையும் அனுப்புங்கள், இந்தமுறை நல்ல தெளிவான படமாக.