அமெரிக்காவில் போலீஸ் தரும் போக்குவரத்து அபராதச் சீட்டில் "யுசிசி 1-308" எழுதினால் கோர்ட்டுக்குப் போக வேண்டாமா?

அப்படி எழுதுவதால் விலக்கு எதுவும் கிடைக்காது. கையெழுத்துக்குப் பக்கத்தில் அந்த எண்ணை எழுதினால் வழக்கு செல்லாது என்று உங்கள் அறைநண்பர் சொன்னது தவறு. தேதியைத் தவறவிட்டால் வாரண்ட் வரலாம்.

யுசிசி என்பது அமெரிக்க மாநிலங்களின் வணிகச் சட்டம்: சரக்கு விற்பனை, காசோலை மாதிரி விஷயங்களுக்கு. அதன் 1-308 (முன்பு 1-207), தகராறுக்கு நடுவிலும் ஒப்பந்தத்தைத் தொடரும் ஒருவர் 'என் உரிமையை விட்டுத்தரவில்லை' என்று குறித்துவைக்க இடம் தருகிறது. அவ்வளவுதான். வேக வரம்பு என்ன, உங்கள் சம்மதம் கேட்டுப் போட்ட ஒப்பந்தமா? இந்த வாதத்தை அங்கே நீதிபதிகள் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டார்கள்.

சீட்டை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். கையெழுத்து குற்றத்தை ஒப்புக்கொள்வதல்ல, ஆஜராவதற்கான உறுதிமொழி என்று பெரும்பாலும் அச்சிட்டிருக்கும்.

அப்புறம், நடைமுறை மாநிலத்துக்கு மாநிலம் மாறும்; உள்ளூர் வக்கீலைக் கேளுங்கள்.