ஒரே ஒரு பட்டம் மட்டும் தரும் சின்ன சுற்றுச்சூழல் கல்லூரியில் படித்தவர்கள் பிறகு என்ன வேலை செய்கிறார்கள்?

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் இருக்கும் காலேஜ் ஆஃப் தி அட்லாண்டிக்கில் சேர வேண்டும் என்று பத்தாவது படிக்கும் உங்கள் மகள் ஆசைப்படுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். மொத்தமே சுமார் 350 மாணவர்கள், எல்லோருக்கும் ஒரே பட்டம், அதன் பெயர் மனிதச் சூழலியல், அதாவது மனிதருக்கும் சுற்றுச்சூழலுக்கும் உள்ள உறவைப் பற்றிய படிப்பு. இதைப் படித்துவிட்டு என்ன செய்வாள் என்ற உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. முதலில் கேள்விப்பட்டபோது எனக்கும் அதே எண்ணம்தான் வந்தது.

நான் அங்கே படித்ததில்லை. பாஸ்டனில் வேலை பார்த்த நாட்களில் ஒரு கோடையில் குடும்பத்தோடு பார் ஹார்பர் போயிருந்தோம். அந்தக் கல்லூரி இருக்கும் கடற்கரை ஊர் அதுதான். திமிங்கலம் பார்க்கும் படகில் போனபோது தூரத்தில் ஒன்று மூச்சு விட்டுத் தண்ணீரைப் பீய்ச்சியது. எல்லோரும் கத்திக்கொண்டே ஒரு பக்கமாக ஓடிப்போய்ப் படம் எடுத்தோம். படகில் இருந்த ஒரு பெண் மட்டும் கையில் பெரிய கேமராவை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். திமிங்கலம் மூன்று நான்கு முறை மூச்சு விட்டு, ஆழத்துக்குப் போவதற்காக வாலைத் தூக்கியது. அந்த சில நொடிகளில் அவள் படம் எடுத்து முடித்து, நேரத்தையும் இடத்தையும் நோட்டில் எழுதினாள். அந்தக் கல்லூரி மாணவிதான்.

ஏன் வால் வரும்வரை காத்திருந்தாய் என்று கேட்டேன். கூனல் முதுகுத் திமிங்கலத்தின் வாலுக்கு அடிப்பக்கத்தில் இருக்கும் கறுப்பு வெள்ளைத் திட்டுகள் ஒன்றுக்கு இருப்பதுபோல் இன்னொன்றுக்கு இருக்காது என்றாள். நம் கைரேகை மாதிரி. கல்லூரி 32 மாணவர்களோடு வகுப்புகளைத் தொடங்கியது 1972ல். அதே வருடம் ஸ்டீவ் கட்டோனா என்ற ஆசிரியரும் அவருடைய மாணவர்களும் அலைடு வேல் என்ற குழுவை ஆரம்பித்தார்கள். அவர்கள் வால் படங்களைச் சேர்த்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எது எந்தத் திமிங்கலம் என்று பதிவு செய்யத் தொடங்கினார்கள். இன்று வட அட்லாண்டிக்கில் மட்டும் 10,000க்கும் மேற்பட்ட திமிங்கலங்கள் அந்தப் பட்டியலில் தனித்தனியாக இருக்கின்றன. ஐம்பது வருடமாக ஒவ்வொரு மாணவர் கூட்டமும் முந்தைய கூட்டம் விட்ட இடத்திலிருந்து எடுத்துச் செய்கிறது.

தெற்குக் கடல்களின் வால் படங்களும் அவர்களிடம்தான் சேர்கின்றன. அதிலிருந்து கிடைத்த ஒரு செய்தியை நினைத்தால் இப்போதும் சிலிர்க்கிறது. 1999ல் பிரேசில் கரையோரம் ஒரு பெண் திமிங்கலத்தைப் படம் எடுத்திருந்தார்கள். 2001ல் மடகாஸ்கர் பக்கம் ஒரு சுற்றுலாப் பயணி எடுத்த வால் படம் பிறகு இணையத்தில் கண்ணில் பட்டது. இரண்டும் ஒரே திமிங்கலம்! குறைந்தது 9,800 கிலோமீட்டர். பொதுவாக இவை குட்டி போடும் வெதுவெதுப்பான கடலுக்கும் இரை தேடும் குளிர்ந்த கடலுக்கும் இடையே வடக்கு தெற்காகத்தான் போய் வரும். ஒரு இனப்பெருக்கக் கடலிலிருந்து இன்னொன்றுக்கு, அதுவும் வேறொரு பெருங்கடலுக்கு, இப்படி மாறிப் போனது யாரும் எதிர்பார்க்காதது. அந்தக் குழுவின் பீட்டர் ஸ்டீவிக் தலைமையில் 2010ல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது.

சரி, திமிங்கலத்தில் ஆசை இல்லாதவர்கள்?

மதுரையில் பிறந்து ஆறு வயதில் கனடாவுக்குப் போன அஞ்சலி அப்பாதுரையும் இந்தக் கல்லூரி மாணவிதான். ஐ.நா. காலநிலைப் பேச்சுவார்த்தைகளுக்குத் தொடர்ந்து போய்வரும் மாணவர் குழு ஒன்று அங்கே உண்டு. அதன் பெயரே 'அடைப்புக்குறிக்குள் பூமி' என்ற பொருளில் இருக்கும். ஒப்பந்த வரைவில் நாடுகள் இன்னும் ஒத்துக்கொள்ளாத சொற்களை அடைப்புக்குறிக்குள் போட்டு வைப்பார்கள், அதிலிருந்து வந்த பெயர். 2011 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நடந்த அந்த ஐ.நா. மாநாட்டில் இளைஞர்கள் சார்பாகப் பேச அஞ்சலி மேடை ஏறினார். நான் பிறந்ததிலிருந்து நீங்கள் பேசிக்கொண்டேதான் இருக்கிறீர்கள் என்று அத்தனை நாட்டுப் பிரதிநிதிகள் முகத்துக்கு நேரே சொன்னார். அவர் பேசி முடித்ததும், உலகத்தில் பாதிப் பேருக்காகப் பேசுகிறவர்களை ஏன் கடைசியில் பேச விடுகிறோம் என்று கூட்டத்தை நடத்தியவரே வாய்விட்டுக் கேட்டார். 2021ல் வான்கூவரில் நாடாளுமன்றத் தேர்தலில் நின்று சில நூறு ஓட்டில் தோற்றார். அப்போதும் அவர் பேசியது காலநிலை பற்றித்தான். அந்த டர்பன் காணொளியை மகளோடு உட்கார்ந்து பாருங்கள், சில நிமிடம்தான்.

இன்னும் சிலர் இருக்கிறார்கள். 1979ல் பட்டம் வாங்கிய செல்லி பிங்க்ரீ, நார்த் ஹேவன் என்ற சின்னத் தீவில் விவசாயம் பார்த்தவர். 2009லிருந்து அமெரிக்க நாடாளுமன்றத்தில் இயற்கை வேளாண்மைக்காகவும் உணவு வீணாவதைத் தடுக்கவும் குரல் கொடுக்கிறார். கடல் ஆய்வாளர் கிரெக் ஸ்டோன் பசிபிக்கில் கிரிபட்டி நாட்டோடு சேர்ந்து பீனிக்ஸ் தீவுகளைச் சுற்றி 4 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் கடலைப் பாதுகாக்கப் பாடுபட்டார். அது தமிழ்நாட்டைப் போல மூன்று மடங்கு. 2015ல் அங்கே வணிக மீன்பிடிப்பை நிறுத்தினார்கள். 2021ல் மறுபடியும் திறந்துவிடப் போவதாக அந்த அரசு அறிவித்தபோது எனக்கு மனசு மிகவும் கனத்துப்போனது. இந்த வேலையில் இப்படியும் நடக்கும், அதையும் மகள் தெரிந்துகொள்ளட்டும்.

இத்தனை பேரும் வாங்கியது அதே ஒரே பட்டம். அங்கே துறைகள் கிடையாது. என்ன படிப்பது என்பதை மாணவரே திட்டமிட வேண்டும், வெளியே போய் வேலை பழக வேண்டும், கடைசி வருடத்தில் ஒரு முழுப் பருவம் சொந்தமாக ஒரு வேலையை எடுத்துச் செய்து முடிக்க வேண்டும். தனக்கு எதில் ஆர்வம் என்று தெரிந்த பிள்ளைக்கு இது பெரிய வாய்ப்பு. யாராவது பாடத்திட்டம் போட்டுத் தந்தால் நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு அங்கே கஷ்டம். பொறியியல், மருத்துவம் என்று குறிப்பிட்ட பட்டம் கட்டாயமாகத் தேவைப்படும் வேலைக்கும் இது சரிவராது.

அப்புறம் பணம். கட்டணத்தைப் பார்த்து உடனே ஒதுக்கிவிடாதீர்கள். யுனைடெட் வேர்ல்ட் காலேஜ் என்ற பெயரில் பல நாடுகளில் இருக்கும் பன்னாட்டுப் பள்ளிகளில் படித்து முடித்து அமெரிக்கக் கல்லூரிகளுக்கு வருகிறவர்களுக்கு டேவிஸ் உதவித்தொகை என்று ஒன்று இருக்கிறது. 2000ல் அது தொடங்கியபோது சேர்ந்த முதல் ஐந்து கல்லூரிகளில் இதுவும் ஒன்று. அந்தப் பள்ளிகளில் ஒன்று நம் நாட்டிலேயே, புனே பக்கத்தில், மஹிந்திரா பெயரில் இருக்கிறது. பதினொன்று, பன்னிரண்டுக்கு இணையான இரண்டு வருடப் படிப்பு அங்கே. மகள் இப்போது பத்தாவதுதானே, அதற்கு விண்ணப்பிப்பதைப் பற்றி இந்த வருடமே விசாரியுங்கள்.